அக்கா பெயரில் ஒரு பதிவு

மூன்றாம் அறையின் அலாரம் அலறியதும் குளிர்பதனக் கிடங்கில் இருந்த அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைப் பெட்டி விளிம்பில் வைத்தார். அது உருண்டு விழுந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டுகிறவன் அதை நடுவழியில் நிறுத்திவிட்டுக் குதித்தான்.

"உள்ள யாரு? யாரு உள்ள?"

உள்ளே யாருமில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. பட்டை பட்டையாகத் தொங்கிய பிளாஸ்டிக் திரைக்கு அடியிலிருந்து வெண்புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. யாரோ ஒரு தள்ளுவண்டியை வாசலுக்குக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கதவு அதிக நேரம் மூடாமல் இருந்தால் அலாரம் அடிக்கும். விஷயம் அவ்வளவுதான்.

ஆனாலும் யார் முகத்திலும் ஈயாடவில்லை. வண்டிக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "வண்டியை இங்க விட்ட மகராசன் யாரு? எங்க உயிரை எடுக்கிறதுக்குன்னே வேலைக்கு வர்றீங்களா?"

சிரித்தவர்கள்கூட மெல்லத்தான் சிரித்தார்கள்.

மாடியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சின்னவளும் ஓடி வந்திருந்தாள். மற்றவர்களெல்லாம் கதவருகே நின்றார்கள். அவள் மட்டும் பத்தடி தள்ளியே நின்றாள். அந்தக் கதவுக்கு அதைவிடப் பக்கத்தில் அவள் போவதில்லை. போன மழைக்காலத்தில் அவளுடைய அக்கா அந்த அறைக்குள்தான் மாட்டிக்கொண்டாள். பெட்டிகளைச் சரிபார்க்கப் போனவளின் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி திரும்பவில்லை. உள்ளேயிருந்த அலாரப் பொத்தான் உறைந்துபோயிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவே இல்லை.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "தங்கச்சி, இங்க வாம்மா."

கிடங்கில் எல்லோருக்கும் அக்கா என்றால் அவளுடைய அக்காதான். அதனால் இவள் எல்லோருக்கும் தங்கச்சியாகிவிட்டாள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவள் சொந்தப் பெயருக்கு வேலையில்லை.

மேனேஜர் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார், முதுகுப்பக்கம் யாரும் வர முடியாதபடி. முன்பெல்லாம் ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிறவர். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

கிடங்கில் எந்த அறையில் என்ன குளிர் இருக்கிறது, என்ன பழுது என்பதையெல்லாம் ஆட்கள் ஒரு எக்ஸெல் படிவத்தில் பதிவார்கள். 'சேமி' பொத்தானை அழுத்தினால் அது டேட்டாபேஸில் போய் உட்காரும். மேனேஜர் திரையில் வரிசையாகத் தெரியும். கடைசி வரிசை இப்படி இருந்தது:

அறை 3. கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு. குளிர் கசியுது. பாருங்க. பதிந்தவர்: அக்கா.

சின்னவள் அந்த வரிசையை இரண்டு தடவை படித்தாள். இது முதல் தடவை இல்லை. வாரத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. இருந்தாலும் அந்த 'பாருங்க' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் அங்கேயே நின்றுவிடும். அக்கா எதை எழுதினாலும் 'பாருங்க' என்றுதான் முடிப்பாள். வீட்டில் காய்கறிக்காரருக்கு எழுதி வைக்கிற சீட்டில்கூட.

"நீ இல்லையேம்மா?" மேனேஜர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நானா சார்?"

"கோவிச்சுக்காத. கேக்கணும்ல." மென்று விழுங்கினார். "ஃபிட்டரை அனுப்பிட்டேன். ரப்பர் மாத்தச் சொல்லிட்டேன். அது கெடக்கட்டும். தலைமை ஆபீஸ்ல புது டேட்டாபேஸ் குடுத்திருக்காங்க. பாஸ்வேர்டு போட்டது. படிவத்தை இன்னைக்கே அதோட இணைச்சிடு. பழசை மூடிடு. பாஸ்வேர்டு இருந்தா... இந்தப் பேர் வராதுல்ல?"

வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற வண்டிக்காரன் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. "சாத்தின கதவைத் தாண்டி வர்றவளுக்கு பாஸ்வேர்டு எம்மாத்திரம்?"

மேனேஜருக்கும் கேட்டிருக்கும். அவர் பாஸ்வேர்டு எழுதிய துண்டுக் காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

படிவத்தின் மூலக் கோப்பு அக்காவின் கணினியில் இருந்தது. அறைகளுக்கு எதிரே இருந்த சின்னக் கூண்டு அது. அக்கா போனதிலிருந்து அங்கே யாரும் உட்காருவதில்லை. அவளுடைய பஞ்சு வைத்த கோட்டு இன்னும் ஆணியில் தொங்கியது, தோள்கள் விறைத்தபடி, ஆள் உள்ளே இருப்பதுபோல. சின்னவள் அதைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்தாள். அதன் உயரம் அவளுக்குச் சரியாகவே இருந்தது. அக்காவும் அவளும் ஒரே உயரம்.

கோப்பு திறந்துகொண்டிருக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சாப்பிட்டியாடி?"

"இன்னும் இல்லம்மா. நீ?"

"ரெண்டு வாய் போட்டுக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு அம்மா கேட்டாள். "இன்னைக்கு என்ன எழுதினா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் அம்மா இப்போதெல்லாம் போன் செய்கிறாள். அக்கா போன பிறகு சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தவள். கிடங்கிலிருந்து துக்கம் கேட்க வந்த யாரோ உளறிவிட்டார்கள், உங்க பெரியவ இன்னும் எழுதுறாம்மா என்று. அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். அப்போது 'அது ஏதோ மிஷின் கோளாறும்மா' என்று சொல்ல சின்னவளுக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமலே நாட்கள் ஓடிவிட்டன. உண்மையைச் சொல்லப்போனால், அது கோளாறுதான் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"கதவு ரப்பர் கிழிஞ்சிருக்காம்."

"அவளுக்கு எப்பவும் அடுத்தவங்க கவலைதான்." அம்மாவின் குரலில் பெருமை இருந்தது. "மாத்திட்டாங்களா?"

"மாத்துறாங்க."

"சரி. நாளைக்கு எழுதினா சொல்லு."

போனை வைத்த பிறகு சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எழுத மாட்டாள். இன்று சாயந்திரத்துக்குள் அந்த வாசலை அடைக்கப்போவது வேறு யாருமில்லை, கூடப்பிறந்தவளேதான். மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடலாம். சொன்னால் மேனேஜர் வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவருவார். அவன் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போவான். யாரோ ஒருவன் அக்காவின் கோப்புக்குள் கையை விடுவதற்குப் பதில் நாமே விடலாம் என்று தோன்றியது.

படிவத்தின் பின்பக்கம் இருந்த நிரலைத் திறந்தாள். அக்கா கணினி படித்தவள் இல்லை. சின்னவளிடம் கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கி வாங்கி எழுதிய நிரல். "இதைக்கூட மூணு தடவை சொல்லணுமா?" என்று இவள் எரிந்து விழுவாள். "நாலாவது தடவையும் சொல்லுடி, குறைஞ்சா போயிடுவ?" என்பாள் அவள்.

டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி ஒன்று. அந்த ஒரு வரிதான் படிவத்துக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே இருக்கும் பாலம். புதிய கோப்பின் முகவரியைப் போட்டாள். பாஸ்வேர்டு என்ற இடத்தில் காகிதத்தில் இருந்ததைத் தட்டினாள். சோதனைக்கு ஒரு பதிவு போட்டு 'சேமி' அழுத்தினாள்.

சரியான பாஸ்வேர்டு அல்ல என்று ஒரு பெட்டி குதித்தது.

எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். அதே பெட்டி. மூன்றாம் அறைப்பக்கம் டொம்மென்று ஏதோ விழுந்த சத்தம். திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் வெள்ளை. பனிக்கட்டி விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குளிர் அறைகளில் கூரையிலிருந்து பனிக்கட்டி விழும்தான். ஆனால் திரும்பவும் தட்டும்போது விரல்கள் தாமாகவே மெதுவாயின. யாரோ தோளுக்குப் பின்னால் நின்று, 'வேண்டாம்டி' என்று சொல்வதுபோல.

பிறகுதான் பொறி தட்டியது. அந்த வரியில் பாஸ்வேர்டுக்கு ஒரு இடம் அல்ல, இரண்டு இடம் உண்டு. ஒன்று ஆளுக்கு, இன்னொன்று கோப்புக்கு. காகிதத்தில் இருந்தது கோப்பின் பூட்டுக்கு உரியது. அதை ஆளின் இடத்தில் போட்டால் எத்தனை தடவை தட்டினாலும் கதவு திறக்காது. இடத்தை மாற்றிப் போட்டாள். 'சேமி'.

போய்விட்டது. புதிய டேட்டாபேஸின் முதல் வரிசையாக அவளுடைய சோதனைப் பதிவு உட்கார்ந்திருந்தது. ஆனால் பதிந்தவர் என்ற கட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பதிந்தவர்: அக்கா.

படிவத்தின் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. காரியம் முடிந்த மறுநாளே மேனேஜர் எடுக்கச் சொல்லிவிட்டார். அதை எடுத்ததும் இவள்தான். இது புத்தம்புதுக் கோப்பு. இதற்குள் அக்கா எப்போது வந்தாள்? பூட்டைத் திறந்த மறுநொடியே, இவளுக்கு முன்னால், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாளா? ஆணியில் தொங்கிய கோட்டின் கை லேசாக ஆடியது. மேலே காற்றாடி சுற்றுகிறது, அதனால்தான் என்று தெரிந்தும் சின்னவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள்.

பிறகு நின்றபடியே நிரலைக் கீழே நகர்த்திப் படித்தாள்.

கடைசிக்குச் சற்று மேலே இருந்தது அது. பெயர்ப் பட்டியலில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், பெயர்க் கட்டத்தில் 'அக்கா' என்று போடு. அவ்வளவுதான்.

இவள் சோதனைப் பதிவில் பெயர் தேர்ந்தெடுக்க மறந்திருந்தாள்.

அக்கா ஏன் அப்படி எழுதினாள் என்பது இவளுக்கு உடனே புரிந்தது. குளிர் அறையிலிருந்து வருகிறவர்கள் தடித்த கையுறையோடு நேரே இந்தக் கூண்டுக்குத்தான் வருவார்கள். சின்னப் பட்டியலில் பெயரைப் பிடித்து அழுத்துவதற்குள் பொறுமை போய்விடும், பதியாமலே போய்விடுவார்கள். பெயர் இல்லாத பதிவை டேட்டாபேஸ் ஏற்காது. அது என் தலையில் விழட்டும் என்று அக்கா தன் பெயரை வைத்துவிட்டாள்.

சின்னவள் உட்கார்ந்தாள். பயம் வடிந்த இடத்தில் வேறொன்று வந்து நிறைந்தது. அப்படியானால் இத்தனை நாளும் எழுதியது அக்கா இல்லை. பெயரை விட்டுவிட்ட யாரோ ஒருவர். எல்லோரும் பேய் பேய் என்று நடுங்கியபோது அவள் ஒருத்திதான், உள்ளுக்குள், இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அக்கா இரண்டாவது முறை போனதுபோல் இருந்தது.

அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். இதை நீக்கிவிட்டால் பெயர் இல்லாத பதிவு உள்ளே போகாது. மேனேஜர் நிம்மதியாகத் தூங்குவார். அம்மா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள்.

நீக்குவதற்குமுன் பழைய டேட்டாபேஸை ஒருமுறை முழுதாகத் திறந்தாள். மேனேஜர் திரையில் தெரியாத கட்டம் ஒன்று அதில் உண்டு: எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பது. அக்கா உயிரோடு இருந்தபோது போட்டவை எல்லாம் இந்தக் கூண்டிலிருந்து. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் குளிரூட்டும் எந்திரங்கள் ஓடும் கம்ப்ரசர் அறையிலிருந்து. ஒன்றுகூட விலகவில்லை. பெயர் தவறி விட்டவர்கள் என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாக அல்லவா இருக்க வேண்டும்? அக்கா கம்ப்ரசர் அறைக்கே போக மாட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தலைவலி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒரு புதிய வரிசை வந்து நின்றது.

அறை 4. உள்பக்கக் கைப்பிடி இறுகுது. ஆள் உள்ள போறதுக்குள்ள பாருங்க. பதிந்தவர்: அக்கா.

நிரல் புரிந்துவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது, ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது காதில் விழுந்தது அக்காவின் குரல்தான். அவள் எழுந்தாள். கோட்டைக் கடந்து, மூன்றாம் அறைக் கதவைக் கடந்து, இவ்வளவு நாள் போகாத பக்கமாக விடுவிடுவென்று நடந்தாள்.

கம்ப்ரசர் அறையில் இரைச்சல் காதைப் பிளந்தது. எண்ணெய் வாடை. மூலையில் கறை படிந்த கணினி முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஃபிட்டர் நின்றிருந்தார். மூன்றாம் அறையின் கிழிந்த ரப்பர் அவர் தோளில் மாலைபோலக் கிடந்தது. திரையில் படிவம் இன்னும் திறந்திருந்தது. கீழே 'பதிவாயிற்று'.

"அண்ணே."

இரைச்சலில் கேட்கவில்லையோ என்று நினைத்தாள். ஆனால் அவர் தோள் அசையாமல் நின்றது. மெதுவாகத் திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்களாண்ணே?"

அவர் வெளியே காட்டினார். இருவரும் கதவுக்கு வெளியே வந்தார்கள். ஃபிட்டர் ரப்பரைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார், பேச்சு வரும்வரை.

"முதல் தடவை வேணும்னு செய்யல தங்கச்சி. சத்தியமா. மூணாம் ரூம் கைப்பிடிக்குப் புதுசு வாங்கணும்னு எழுதினேன். அவசரத்துல பேரை அமுக்க மறந்துட்டேன். போட்டு முடிச்சுத் திரும்பறதுக்குள்ள மேனேஜர் ஓடி வர்றாரு. மூஞ்சி வெளுத்துப் போயி. 'உடனே வாங்கு, இன்னைக்கே மாத்து'ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் திரையைப் பார்த்தாத்தான், பேரு இருந்த இடத்துல..."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வேணும்னுதான் செஞ்சேன்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அவ மாதிரியே கடைசியில 'பாருங்க'ன்னு போட்டேன். தப்புதான். அம்மாவுக்கு விஷயம் போயிடுச்சுன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். நிறுத்தலாம்னுதான் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு."

"உங்க பேர்லயே எழுதலாமேண்ணே. உங்க வேலைதானே இது?"

"எழுதாமலா இருந்தேன்?" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "அந்தக் கைப்பிடியை அக்கா எழுதினா, நான் எழுதினேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதினோம். எவன் படிச்சான்? உயிரோட இருக்கிறவன் எழுதினா அது நச்சரிப்பு தங்கச்சி. அவ போனதுக்கப்புறம்தான் அவ எழுத்தையே படிக்கிறாரு அந்த மனுஷன்."

எதிரே நாலாம் அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் பெட்டிகளோடு உள்ளே போனார்கள். பிளாஸ்டிக் பட்டைகள் அவர்களுக்குப் பின்னால் ஆடி ஆடி அடங்கின. அவர்கள் வெளியே வரும்வரை ஃபிட்டர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். அவர்கள் வந்தார்கள். வந்து, கைகளை ஊதிக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

"இன்னைக்கு மூடிடுறியாமே," என்றார் ஃபிட்டர். "வண்டிக்காரன் சொன்னான். மூடிடும்மா. நான் ஏதும் சொல்ல மாட்டேன். உன் அக்கா பேரு அது, என்னோடது இல்ல."

அவள் கூண்டுக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் அந்த ஒரு வரி, இவள் விரலை எதிர்பார்த்து அப்படியே நின்றது. அதைத் தொடாமல் கோப்பைச் சேமித்தாள். புதிய படிவத்தை ஒவ்வொரு கணினிக்கும் அனுப்பினாள், கம்ப்ரசர் அறைக்கும் சேர்த்து. பழைய டேட்டாபேஸை மூடினாள். நாலாம் அறைப் பதிவை மட்டும் கையாலேயே புதியதில் ஏற்றினாள். பெயர் கேட்ட கட்டத்தை அப்படியே காலியாக விட்டாள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதை வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்துக்கொள்ளலாம்.

மேசை போன் அடித்தது. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு இவளையே பார்ப்பது தெரிந்தது.

"முடிஞ்சுதாம்மா? பாஸ்வேர்டு போட்டாச்சா? இனிமே அந்தப் பேர் வராதுல்ல?"

சின்னவள் அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"படிவம் இணைஞ்சிடுச்சு சார், பாஸ்வேர்டும் போட்டாச்சு, அக்காவை மட்டும் என்னால நிறுத்த முடியல."